சிஸ்டம் தானா ஆஃப் ஆகி ஆன் ஆகுது, ஃபார்மட் போட்டும் தீரல (மதுரை, திருப்பாலை)

பதிவு 1 | ஆல்பம்_தம்பி | திருப்பாலை

வணக்கம் மக்களே. கல்யாண ஆல்பம் டிசைன்தான் தொழில். வாடகை வீடு, மாடி ரூம்ல ஒரு சிஸ்டம் வச்சு ஓட்டிக்கிட்டு இருக்கேன். ரைசன் 5 3600 சிபியு, பி450 போர்டு, ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி, ரேம் 16 ஜிபி, விண்டோஸ் 11. எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குக் கரண்ட் பிரிச்சுக் கொடுக்கிற பெட்டி) கேபினெட்டோட வந்தது, 450 வாட்னு போட்டிருக்கு.

வேலை பார்த்துக்கிட்டே இருக்கும்போது டப்புனு அணைஞ்சு, ரெண்டு செகண்டுல அதுவா ஆன் ஆகுது. எக்ஸ்போர்ட் போட்டிருக்கிற நேரமாப் பார்த்துத்தான் அதிகம். கடைக்குத் தூக்கிட்டுப் போனா அங்க நாள் முழுக்க நல்ல பிள்ளையா ஓடுது. "வைரஸ்"னு சொல்லி ஃபார்மட் போட்டுக் கொடுத்தாய்ங்க. வீட்டுக்கு வந்து சொருகினா பழைய குருடி கதவத் திறடி. அப்புறம் ரேம் பத்தலனு இன்னொரு 8 ஜிபி போட்டு விட்டாய்ங்க. அதுக்கப்புறம் புதுசா ப்ளூ ஸ்கிரீனும் சேர்ந்து வருது. இப்ப போர்டையே மாத்தணுங்கிறாய்ங்க.

வைகாசி முகூர்த்த ஆல்பம் அம்புட்டும் பாக்கி கிடக்கு. போர்டு மாத்தலாமா வேணாமா, யாராச்சும் சொல்லுங்க.

பதிவு 2 | கேமிங்_மாப்ள | வில்லாபுரம்

நண்பா, மாடி ரூம், மதுரை வெயில், ஆல்பம் எக்ஸ்போர்ட். ஹீட்டாத்தான் இருக்கும். ஹெச்டபிள்யூ இன்ஃபோங்கிற சாஃப்ட்வேர் இறக்கி எக்ஸ்போர்ட் ஓடும்போது டெம்பரேச்சர் எவ்வளவுனு பாரு. 3600-க்கு உச்ச வரம்பு 95 டிகிரி. அதை ஒட்டிப் போச்சுன்னா கூலரைக் கழட்டித் தூசி தட்டி புது தெர்மல் பேஸ்ட் வை.

பதிவு 3 | மேலூரான் | மேலூர்

கிராக் சாஃப்ட்வேர் எதாச்சும் போட்டிருப்பீங்க. அதான். லினக்ஸுக்கு மாறுங்க, நிம்மதி.

பதிவு 4 | டைப்பிங்_அக்கா | திருமங்கலம்

மேலூர் தம்பி, அவர் ஃபோட்டோஷாப்ல சோறு சாப்பிடுறவர். லினக்ஸ் பாடத்தை இன்னொரு நாள் எடுங்க.

ஆல்பம் தம்பி, ஒரு பைசா செலவு பண்ணாம முதல்ல நான் சொல்றதைப் பாருங்க. என் டைப்பிங் சென்டர்ல பதினஞ்சு மெஷின் ஓடுது, இந்தக் கதை எனக்குப் புதுசு இல்ல. நீங்க எழுதினதுல ரெண்டு நோய் இருக்கு. ஒண்ணு, எந்த எழுத்தும் காட்டாம சட்டுனு அணையுறது. இன்னொண்ணு, நீலத் திரை காட்டிட்டு அணையுறது. ரெண்டையும் ஒரே மூட்டையாக் கட்டினா கடைக்காரர் அடுத்து கேபினெட்டையும் மாத்தச் சொல்வார்.

ஸ்டார்ட் மெனுல ஈவன்ட் வியூவர்னு அடிங்க. விண்டோஸ் லாக்ஸ், அதுக்குள்ள சிஸ்டம். கர்னல் பவர், நம்பர் 41-னு சிவப்புக் குறியோட வரிசையா இருக்கும். இதைப் பார்த்ததும் "கர்னல் பவர் எரர், அதனால போர்டு போச்சு"னு நிறையப் பேர் முடிவு கட்டிடுறாங்க. 41-ங்கிறது காரணமே இல்ல. "போன தடவை நான் ஒழுங்கா மூடப்படாம அணைஞ்சேன்"னு விண்டோஸ் அடுத்த தடவை எழுந்திருக்கும்போது எழுதி வைக்கிற குறிப்பு, அவ்வளவுதான்.

அந்தக் குறிப்பைத் திறந்து டீடெய்ல்ஸ் டேப்ல பக்செக் கோடுனு ஒரு வரி இருக்கும், அதுதான் விஷயம். 0-னு இருந்தா, விண்டோஸுக்கு ஒரு வார்த்தை எழுதக்கூட நேரம் கிடைக்கல: கரண்ட் அறுந்திருக்கு, சூட்டுல போர்டே அணைச்சிருக்கு, இல்லைனா மெஷின் அப்படியே உறைஞ்சிருக்கு. வேற நம்பர் இருந்தா ப்ளூ ஸ்கிரீன். அங்க பதின்மக் கணக்குல காட்டும். 26-னா மெமரி மேனேஜ்மென்ட், 10-னா ஐஆர்க்யூஎல், 80-னா பேஜ் ஃபால்ட் (மூணும் மெமரி சம்பந்தப்பட்ட புகார்), 292-னா ஹார்டுவேர் பக்கத்துப் புகார்.

அப்புறம் 6008-ங்கிற நம்பரையும் தேடுங்க. எத்தனை மணிக்கு அணைஞ்சுச்சுனு அதுல இருக்கும். நேரத்தையும் கோடையும் பக்கத்துல பக்கத்துல எழுதிப் போடுங்க, பார்ப்போம்.

இன்னொண்ணு, சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு, ஸ்டார்ட்டப் அண்ட் ரெகவரிக்குள்ள போயி "ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்" டிக்கை எடுத்துடுங்க. ப்ளூ ஸ்கிரீன் வந்தா ஓடிப் போகாம நிக்கும், ஃபோட்டோ எடுக்கலாம்.

பதிவு 5 | ஆல்பம்_தம்பி

ரொம்ப நன்றிக்கா. டெம்பரேச்சர் பார்த்தேன் மாப்ள, எக்ஸ்போர்ட் முழுக்க ஓடவிட்டும் 78, 80-ஐத் தாண்டல.

லாக்ல இருக்கிறது, புதுசு மேல:
காலை 11:20, கோடு 26
மாலை 6:14, கோடு 0
இரவு 10:05, கோடு 10
மாலை 6:09, கோடு 0
காலை 6:31, கோடு 0
மதியம் 3:40, கோடு 26
மாலை 6:22, கோடு 0
அதுக்குக் கீழ ஃபார்மட் பண்ண தேதி வரைக்கும் எல்லாமே 0 தான், ரேம் போட்ட பிறகுதான் 26, 10 எல்லாம் ஆரம்பிக்குது.

பதிவு 6 | சோல்டர்_சித்தப்பு | சிம்மக்கல்

அக்கா பாதி வேலைய முடிச்சிருச்சு. 0 எல்லாம் எத்தனை மணிக்குனு பாருங்கப்பா. சாயங்காலம் ஆறு, காலையில ஆறரை. தம்பி, அந்த நேரத்துல உங்க வீட்ல என்னத்த ஓட்டுறாங்க?

பதிவு 7 | ஆல்பம்_தம்பி

அண்ணே!! கீழ ஹவுஸ் ஓனர் போர் மோட்டார் போடுற நேரம் அது. போட்டதும் ட்யூப்லைட் ஒரு வெட்டு வெட்டும், ஃபேன் சத்தம் இறங்கி ஏறும். ஆனா என் சிஸ்டம் இன்வெர்ட்டர் லைன்லல்ல இருக்கு? 2012 பவர்கட் காலத்துல அப்பா வாங்குன இன்வெர்ட்டர், பேட்டரி மட்டும் புதுசு. கரண்ட் போனா சிஸ்டம் சில நேரம் நிக்கும், சில நேரம் ரீஸ்டார்ட் ஆகும். இன்வெர்ட்டர் இருக்கும்போது வோல்டேஜ் எப்படிப் பிரச்சினையாகும்?

பதிவு 8 | சோல்டர்_சித்தப்பு

அம்புட்டுப் பேரும் இங்கதான் ஏமாறுறது. கரண்ட் இருக்கிற வரைக்கும் வீட்டு இன்வெர்ட்டர் எதையும் சரி பண்ணித் தராது. வர்ற கரண்ட்டை உள்ளுக்குள்ள ஒரு ரிலே (தானா மாறுற சுவிட்ச்) வழியா அப்படியே வெளிய தள்ளிவிடும். கரண்ட் போனாத்தான் ரிலே தட்டி பேட்டரிக்கு மாறும்.

பின்பக்கம் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கா பாருங்க: யூபிஎஸ், நார்மல்னு போட்டிருக்கும். நார்மல்ல வச்சா வோல்டேஜ் நூத்துச் சொச்சத்துக்கு விழுந்தாலும் "கரண்ட் இருக்கு"னு கம்முனு விட்டுடும். ஃபேன், லைட்டுக்கு அது போதும், பேட்டரியும் மிச்சம். யூபிஎஸ் பக்கம் வச்சா 180 பக்கத்துல விழுந்ததுமே பேட்டரிக்கு மாறும், மாறுற வேகமும் கூட. எண்ணு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், தத்துவம் இதுதான்.

போர் மோட்டார் கிளம்புற நொடியில ஓடுற கரண்ட்டைப் போல அஞ்சாறு மடங்கு இழுக்கும். அந்த நொடியில உங்க மாடி பாயின்ட்ல 150, 160-னு விழுந்தா, இன்வெர்ட்டர் அதையே உங்க எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் பரிமாறுது. உங்க எஸ்எம்பிஎஸ் பின்னாடி சிவப்பு சுவிட்ச் இருக்கா, 115 / 230-னு? இருந்தா 200-க்குக் கீழ வேலை செய்யிறதுக்கு அது பொறக்கவே இல்ல.

பதிவு 9 | ஆல்பம்_தம்பி

சிவப்பு சுவிட்ச் இருக்குண்ணே. இன்வெர்ட்டர் நார்மல்லதான் இருக்கு. ஸ்டிக்கரையும் ஃபோட்டோ எடுத்துப் பார்த்தேன், 12 வோல்ட்டுக்கு நேரா 14 ஆம்பியர்னு இருக்கு.

பதிவு 10 | சோல்டர்_சித்தப்பு

14-ஐ 12-ஆல பெருக்குங்க. 168 வாட். பெரிய எழுத்துல 450-னு ஸ்டிக்கர் ஒட்டிக்கிட்டா ஆச்சா? இப்ப சிபியு, கிராபிக்ஸ் கார்டு ரெண்டும் சாப்பிடுறது கிட்டத்தட்ட முழுக்க அந்த 12 வோல்ட் லைன்லதான். 3600 முழு வேகத்துல 88 வாட் வரைக்கும் போகும். 1650-க்கு 75. கூட்டினா 163. ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் இதுக்கு மேல. விளிம்புல நின்னு ஓட்டிக்கிட்டு இருக்கீங்க.

எஸ்எம்பிஎஸ்ஸுக்குள்ள ஒரு பெரிய கெப்பாசிட்டர் இருக்கும். கரண்ட் சட்டுனு ஒரு கணம் கண் சிமிட்டினா அதுல தேங்கின சரக்குலதான் போர்டு ஓடும். நல்ல எஸ்எம்பிஎஸ் முழு லோடுல பதினாறு பதினேழு மில்லிசெகண்ட் தாங்கணும்னு விதி. நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல ஒரு சுத்து 20 மில்லிசெகண்ட். அதாவது புதுசே ஒரு முழுச் சுத்துக்குத் தாங்காது. உங்களது மாடி ரூம் சூட்டுல வருஷக்கணக்கா வெந்தது. எக்ஸ்போர்ட் போடாம சும்மா இருந்தா லோடு கம்மி, தாக்குப்பிடிக்கும். எக்ஸ்போர்ட் ஓடும்போது மோட்டார் போட்டா போச்சு. கடையில ஏன் நல்லா ஓடுச்சுன்னா, அங்க மோட்டாரும் இல்ல, யாரும் ஆல்பமும் எக்ஸ்போர்ட் பண்ணல.

தயவு பண்ணி எஸ்எம்பிஎஸ்ஸை நீங்களே திறந்து பார்க்காதீங்க. பிளக்கைப் புடுங்கின பிறகும் அந்தக் கெப்பாசிட்டர்ல முன்னூறு வோல்ட் சொச்சம் உக்காந்திருக்கலாம்.

பதிவு 11 | கேமிங்_மாப்ள

அப்ப சிம்பிள். ஆன்லைன் யூபிஎஸ் ஒண்ணு வாங்கிப் போட்டா ஆயுசுக்கும் தொல்லை இல்ல.

பதிவு 12 | சோல்டர்_சித்தப்பு

வாங்கித் தர்றியா மாப்ள? ஆன்லைன் யூபிஎஸ் விலைக்கு அவர் பாதி சிஸ்டம் வாங்கிரலாம். இருபத்து நாலு மணி நேரமும் அதுவே கரண்ட்டை மாத்தி மாத்திக் கொடுக்கும், ஃபேன் சத்தம் போடும், சூடு வேற. ஆஸ்பத்திரி மெஷினுக்கும் சர்வருக்கும் அது சரி. ஆல்பம் டிசைனுக்கு சாதா லைன் இன்டராக்டிவ் யூபிஎஸ் போதும். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினா பேட்டரியைத் தொடாமயே ஏத்திக் கொடுக்கும், ரொம்ப விழுந்தா நாலிலிருந்து பத்து மில்லிசெகண்டுக்குள்ள மாறிடும்.

பதிவு 13 | கேமிங்_மாப்ள

அது பேட்டரிக்கு மாறினா ஸ்கொயர் வேவ் (படிக்கட்டு மாதிரி அலை) தான் கொடுக்கும் சித்தப்பு. புது ஆக்டிவ் பிஎஃப்சி எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஸ்கொயர் வேவ் ஆகாது. என்னது பேட்டரிக்கு மாறினா தேனீக்கூடு மாதிரி ஙொய்யுனு கத்தும், ரெண்டு தடவை அணைஞ்சும் போயிருக்கு. ஆன்லைன் மாத்தின பிறகுதான் சரியாச்சு.

பதிவு 14 | சோல்டர்_சித்தப்பு

நீ சொல்றதுல நியாயம் இருக்கு, மறுக்கல. ஆக்டிவ் பிஎஃப்சி பெரும்பாலும் 100-லிருந்து 240 வரைக்கும் எது வந்தாலும் வாங்கிக்கும், அதனால இந்தத் தம்பிக்கு அதுதான் மருந்து. ஆனா உள்ள வர்ற அலை சைன் வடிவத்துல இருக்கும்னு நம்பி வேலை செய்யிற சர்க்யூட் அது. படிக்கட்டு மாதிரி அலை வந்தா சிலது கத்தும், சிலது நின்னுடும், பலது ஒண்ணும் சொல்லாம ஓடும். லோடு கம்மியா இருந்தா பெரும்பாலும் ஒத்துப்போகும். உன் கார்டு என்ன, 200 வாட்டுக்கு மேல குடிக்கிற பூதம். இவரது முழு செட்டும் மானிட்டரோட சேர்த்து 270 வாட் பக்கம்தான் வரும். 600 விஏ, 360 வாட் போதும். கையில இருந்தா 1000 விஏ. கடைக்காரர்கிட்ட ஒரு கண்டிஷன் போட்டு வாங்குங்க தம்பி: எஸ்எம்பிஎஸ்ஸோட ஒத்துவரலைனா மாத்திக்குவேன்னு.

ஒரு முக்கியமான விஷயம். அந்த யூபிஎஸ்ஸை இன்வெர்ட்டர் லைன்ல சொருகக் கூடாது. கரண்ட் போனா பழைய இன்வெர்ட்டர் பெரும்பாலும் ஸ்கொயர் வேவ்தான் கொடுக்கும், யூபிஎஸ் அதைக் கரண்ட்டுனே ஒத்துக்காம டக்கு டக்குனு பேட்டரிக்கும் லைனுக்கும் தாவும். ஈபி லைன் நேரா வர்ற பாயின்ட் ஒண்ணு ரூமுக்கு இழுத்துக்கங்க.

பதிவு 15 | ஈபி_ஓய்வு | உசிலம்பட்டி

தம்பி, எலக்ட்ரீசியனைக் கூப்பிடப் போறதா இருந்தா இரண்டு வேலை சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் போடும்போது உங்கள் ரூம் பாயின்டில் மீட்டரை வைத்துக் குறைந்தபட்ச வோல்டேஜைப் பிடிக்கச் சொல்லவும். இந்தியத் தரநிலைக் கணக்கில் 230-க்குப் பத்து சதவீதம் மேலே கீழே, அதாவது 207 முதல் 253. மோட்டார் கிளம்பும் அரை நொடியில் விழுவது வேறு, ஓடிக்கொண்டிருக்கும்போதும் 207-க்குக் கீழேயே கிடப்பது வேறு. இரண்டாவது என்றால் லைனில் குறை; மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987-ல் புகார் பதிவு செய்யலாம்.

அடுத்தது எர்த்து. கேபினெட்டைத் தொட்டால் உங்களுக்கு ஏதும் தெரிகிறதா? வெறுங்காலோடு நிற்கும்போது?

பதிவு 16 | ஆல்பம்_தம்பி

ஆமாங்கய்யா! பின்னாடி ஸ்க்ரூவைத் தொட்டா சுர்ருனு இழுக்கும். எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான்னு கடையில சொன்னாய்ங்க.

பதிவு 17 | ஈபி_ஓய்வு

எல்லா கம்ப்யூட்டரும் அப்படி இல்லை. எர்த்து இல்லாத கம்ப்யூட்டர் அப்படி. எஸ்எம்பிஎஸ் வாசலில் ஃபேஸிலிருந்து ஒரு சின்னக் கெப்பாசிட்டர், நியூட்ரலிலிருந்து ஒன்று, இரண்டும் கேபினெட் தகட்டில் வந்து சேரும். இரைச்சலை எர்த்துக்கு வழியனுப்பத்தான் அந்த ஏற்பாடு. எர்த்துக் கம்பி இல்லாவிட்டால் தகடு நடுவாந்தரமாக, ஏறக்குறைய 115 வோல்ட்டில் மிதக்கும். கரண்ட் மிகக் குறைவு, ஆளைக் கொல்லாது. ஆனால் நாளைக்கு உள்ளே வேறு ஏதாவது கசிந்தால் அதற்கும் போக வழி இல்லை, உங்கள் விரல்தான் வழி. யூஎஸ்பியில் மாட்டும் சாமான்களும் இதில் கெடும்.

ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த்து இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும். நியூட்ரல்-எர்த்து இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. எர்த்துப் பள்ளத்தில் சித்திரை வெயிலுக்கு ஈரமே இருக்காது, ஹவுஸ் ஓனரிடம் சொல்லி இரண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஒரு ரூமில் லைட் மங்கும்போது இன்னொரு ரூமில் பளிச்சென்று எரிந்தால் அது நியூட்ரல் தளர்ச்சி. அப்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உடனே ஆளைக் கூப்பிட வேண்டும், காலை வரை காத்திருக்கக் கூடாது.

பதிவு 18 | டைப்பிங்_அக்கா

கரண்ட் பஞ்சாயத்தை ஐயாவும் சித்தப்புவும் பார்த்துக்கட்டும். நான் 26-க்கும் 10-க்கும் வர்றேன். தம்பி, சிபியு இஸட்னு ஒரு சின்ன சாஃப்ட்வேர் இருக்கு. அதுல எஸ்பிடி டேப்ல ஒவ்வொரு ஸ்லாட்டா மாத்திப் பாருங்க, ரெண்டு ரேமோட வேகமும் மாடலும் என்னனு. அப்புறம் மெமரி டேப்ல இப்ப ஓடுற வேகம். அதுல 1600-னு காட்டினா 3200-னு அர்த்தம், ரெண்டால பெருக்கிக்கணும்.

பதிவு 19 | ஆல்பம்_தம்பி

பழசு 2666. கடையில போட்ட புதுசு 3200. கம்பெனியும் வேற வேற. மெமரி டேப்ல 1596-னு காட்டுது. "எக்ஸ்எம்பி ஆன் பண்ணி விட்டிருக்கேன், வேகமா ஓடும்"னு கடையில சொன்னது ஞாபகம் வருதுக்கா.

பதிவு 20 | டைப்பிங்_அக்கா

பிடிச்சாச்சு. 2666-க்குனு செஞ்ச ரேமை 3200-ல ஓடச் சொல்லியிருக்காங்க. எக்ஸ்எம்பிங்கிறது பயாஸ்ல (போர்டோட அடிப்படை செட்டிங்ல) ரேம் வேகத்தை ஏத்துற வசதி. புது ரேமோட எக்ஸ்எம்பி ப்ரொஃபைலை ஆன் பண்ணா ரெண்டு ரேமும் அதே வேகத்துலதான் ஓடியாகணும். பழசு மூச்சு வாங்கிக்கிட்டே கொஞ்ச நேரம் ஓடும், அப்புறம் எங்கயோ ஒரு பிட்டைத் தப்பா எழுதும். விண்டோஸ் அதைப் படிச்சு அதிர்ந்து நீலத் திரையப் போடும்.

ஆனா நான் சொல்றேன்னு நம்பிட்டு விட்டுடாதீங்க, நிரூபிங்க. மெம்டெஸ்ட்86 ப்ளஸ்னு ரேமைச் சோதிக்கிற சாஃப்ட்வேர் இலவசம்தான், பென் டிரைவ்ல ஏத்தி அதுல பூட் பண்ணுங்க. இப்ப இருக்கிற நிலையிலயே முதல்ல ஓட்டுங்க. ஒரே ஒரு எரர் வந்தாலும் ஃபெயில்தான், இதுல பாஸ் மார்க் 35 எல்லாம் கிடையாது. அப்புறம் பயாஸ்ல எக்ஸ்எம்பிய ஆஃப் பண்ணிட்டு ஓட்டுங்க. உங்க போர்டு கம்பெனியப் பொறுத்து அங்க டிஓசிபி, ஏ-எக்ஸ்எம்பினு பேர் மாறியிருக்கும். அதுலயும் எரர் வந்தா ஒவ்வொரு ரேமா தனித்தனியா. ராத்திரி போட்டுட்டுப் படுங்க, காலையில பாருங்க. மோட்டார் போடுற நேரத்தைத் தவிர்த்துடுங்க, டெஸ்ட் பாதியில அணைஞ்சா ஒரு எழவும் தெரியாது.

இதுல இன்னொரு வயித்தெரிச்சல் இருக்கு. ரேம் தப்பா எழுதுற மெஷின்ல சேவ் பண்ண ஃபைலும் தப்பா இருக்கலாம். அந்த ரேமைப் போட்ட பிறகு எக்ஸ்போர்ட் பண்ண ஆல்பம் எல்லாத்தையும் பிரஸ்ஸுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஷீட்டாத் திறந்து பெருசு பண்ணிப் பாருங்க.

பதிவு 21 | மேலூரான்

அக்கா, விண்டோஸ்லயே மெமரி டயக்னாஸ்டிக் இருக்கே, அது போதாதா?

பதிவு 22 | டைப்பிங்_அக்கா

அது எரர் காட்டினா நம்பலாம். எரர் இல்லைனு சொன்னா நம்பக் கூடாது. இந்த மாதிரி வேகத்தால வர்ற கோளாறை அது பல நேரம் கோட்டை விடும்.

பதிவு 23 | ஆல்பம்_தம்பி

அப்டேட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க.

மெம்டெஸ்ட் எக்ஸ்எம்பி ஆன்ல ஓட்டினேன். அரை மணி நேரத்துக்குள்ள திரை முழுக்கச் சிவப்பு. ஆஃப் பண்ணிட்டு விடிய விடிய ஓடவிட்டேன், ஒரு எரர் இல்ல. இப்ப ரெண்டும் 2666-ல ஓடுது, ப்ளூ ஸ்கிரீன் அதோட நின்னுச்சு.

அக்கா சொன்னதால ஃபைல்களைத் திறந்து பார்த்தேன். ஒரு ரிசப்ஷன் ஆல்பத்துல, பொண்ணு தனியா நிக்கிற ஷீட். முகம், நகை எல்லாம் அழகா இருக்கு. இடுப்புக்குக் கீழ முகூர்த்தப்பட்டு அரக்குல இருந்து திடீர்னு ஊதாக் கோடு கோடா மாறி, கடைசி வரைக்கும் அப்படியே போகுது. பிரஸ்ஸுக்குப் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு நினைச்சாலே வயித்தக் கலக்குது. அந்த ஷீட்டை மூல ஃபோட்டோவுல இருந்து மறுபடி பண்ணிட்டேன்.

எலக்ட்ரீசியன் அண்ணன் வந்தாரு. சும்மா இருக்கும்போது ரூம்ல 212. ஓனரை மோட்டார் போடச் சொன்னோம்: 154-க்கு விழுந்து, 203-ல வந்து நின்னுச்சு. எர்த்து பாக்க சுவிட்ச் பாக்ஸைக் கழட்டினா, பச்சை ஒயர் எதுலயும் சேராம சுருட்டி உள்ள திணிச்சு வச்சிருக்கு. வீடு கட்டினதுல இருந்தே அப்படித்தான் போல. அதை மாட்டின பிறகு கேபினெட் சுர்ருனு இழுக்கறது இல்ல. நியூட்ரல்-எர்த்து ஒண்ணரை வோல்ட்.

பதிவு 24 | ஈபி_ஓய்வு

154 என்பது மிக அதிகமான சரிவு. உங்கள் மாடிக்குப் போகும் ஒயரும் மோட்டாருக்குப் போகும் ஒயரும் ஒரே மெல்லிய கம்பியில் பிரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மீட்டர் பக்கத்திலிருந்தே மோட்டாருக்குத் தனிக் கம்பி இழுத்தால் சரிவு குறையும். ஸ்டார்ட்டர் பெட்டியில் கெப்பாசிட்டர் வலுவிழந்திருந்தாலும் மோட்டார் கிளம்பத் திணறி அதிக நேரம் இழுக்கும். அது ஓனர் செலவு, பக்குவமாகப் பேசுங்கள். மோட்டார் காயில் எரிவதற்கு முன் செய்தால் அவருக்கும் லாபம் என்று சொன்னால் கேட்பார். 203-ம் வரம்புக்குக் கீழேதான். மோட்டார்க் கம்பியைப் பிரித்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் ஏறாவிட்டால் புகார் கொடுங்கள்.

பதிவு 25 | ஆல்பம்_தம்பி

எஸ்எம்பிஎஸ் மாத்தியாச்சு. 450 வாட், 80 ப்ளஸ் ப்ரான்ஸ், ஆக்டிவ் பிஎஃப்சி, 12 வோல்ட்ல 36 ஆம்பியர். பழசை ஒரு சர்வீஸ் அண்ணன்கிட்ட கொடுத்துத் திறந்து பார்க்கச் சொன்னேன். வெளிய போற ஒயர் பக்கம் நாலு கெப்பாசிட்டர், ரெண்டோட தலை பணியாரமா உப்பி, ஒண்ணுல அடியில பழுப்புக் கறை. ஓரத்துல ஒரு பல்லி காய்ஞ்சு கிடந்துச்சு, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கானு தெரியல.

1000 விஏ யூபிஎஸ், நேர் ஈபி லைன்ல. மோட்டார் போடும்போது எக்ஸ்போர்ட்ட வேணும்னே ஓட விட்டுப் பார்த்தேன். யூபிஎஸ் ஒரு டக்கு, சிஸ்டம் அசையல. பேட்டரிக்கு மாறினா எஸ்எம்பிஎஸ் லேசா முனகுது, அணையல. ஃபைலை சேவ் பண்ணி மூட நேரம் கிடைக்குது, அது போதும்.

விண்டோஸ மட்டும் என்ன பண்ணட்டும்? அப்படியே விடலாமா?

பதிவு 26 | டைப்பிங்_அக்கா

ஃபார்மட் போட்டது ரேம் மாத்துறதுக்கு முன்னாடியா பின்னாடியா? முன்னாடினா விண்டோஸ் ஃபைல்கள் ரேமால கெட்டிருக்க வாய்ப்பு கம்மி, ஆனா அதுக்கப்புறம் வந்த அப்டேட் எல்லாம் கெட்ட ரேம் வழியாத்தான் இறங்கியிருக்கு. அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்ல முதல்ல டிஸ்ம் ரெஸ்டோர் ஹெல்த், அது முடிஞ்சதும் எஸ்எஃப்சி ஸ்கேன் நவ் (ரெண்டும் கெட்ட விண்டோஸ் ஃபைலைக் கண்டுபிடிச்சுச் சரி பண்ற கமாண்ட்). அப்புறம் செக் டிஸ்க். இத்தனை தடவை திடீர்னு அணைஞ்சிருக்கு, எஸ்எஸ்டியையும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோல ஒரு பார்வை பாருங்க. எஸ்எஃப்சி திரும்பத் திரும்ப "சரி பண்ண முடியல"னு சொன்னா மட்டும் ஃபார்மட்.

ரேமைப் பத்தி: 2666-லயே ஓட்டுங்க, ஆல்பம் வேலைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. காசு வந்தா அந்தப் பழசை எடுத்துட்டு, புதுசோட அதே மாடல்ல இன்னொண்ணு வாங்குங்க. முடிஞ்சா ஜோடியா ஒரே பெட்டில வர்றதே வாங்குங்க. நாலு ஸ்லாட் போர்டா இருந்தா, சிபியு பக்கத்துல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது ஸ்லாட்ல போடணும். வாங்கின அன்னைக்கே மெம்டெஸ்ட்.

பதிவு 27 | ஆல்பம்_தம்பி

ஃபார்மட் முன்னாடிதான்க்கா. டிஸ்ம், எஸ்எஃப்சி ரெண்டும் ஓட்டினேன், சில ஃபைல் கெட்டிருந்துச்சு, சரி பண்ணிட்டதா சொல்லுது. எஸ்எஸ்டி "குட்" காட்டுது. போர்டு மாத்தல, அந்தக் காசுலதான் எஸ்எம்பிஎஸ்ஸும் யூபிஎஸ்ஸும். எல்லாருக்கும் பெரிய நன்றி. ஈபி ஐயா, ஓனர் ஒயர் இழுக்க ஒத்துக்கிட்டாரு.

பதிவு 28 | சோல்டர்_சித்தப்பு

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை ஓஎல்எக்ஸ்ல போட்டு அடுத்தவன் தலையில கட்டிராதீங்க தம்பி. ஃபேனை மட்டும் கழட்டி வச்சுக்கங்க.

பதிவு 29 | புதுசா_வந்தவன் | ஒத்தக்கடை

இங்கயே கேட்டுக்கிறேன். எனக்கும் சிஸ்டம் கிராஷ் ஆகுது, ஐ7 13700கே, ரேம் ஜோடியா வாங்கினது, யூபிஎஸ் இருக்கு. கேம் ஓபன் பண்ணும்போது "வீடியோ மெமரி போதல"னு சொல்லி வெளிய தள்ளுது. கார்டுல 12 ஜிபி இருக்கு. எஸ்எம்பிஎஸ் மாத்தணுமா?

பதிவு 30 | மட்டுறுத்துநர்

ஒத்தக்கடை நண்பரே, உங்களுடையது வேறு கதை. இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிபியுக்களில் வோல்டேஜ் கூடுதலாகப் போய் நாளடைவில் சிபியுவே கெடும் கோளாறு இருந்தது. 2024-ல் இன்டெல்லே ஒத்துக்கொண்டு மைக்ரோகோட் திருத்தம் (பயாஸ் அப்டேட்டோடு வருவது) வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டியது. நீங்கள் சொல்லும் "வீடியோ மெமரி" எரர் அதன் வழக்கமான அறிகுறிகளில் ஒன்று. பயாஸை அப்டேட் செய்யுங்கள். ஆனால் ஏற்கெனவே கெட்ட சிபியுவை அப்டேட் குணப்படுத்தாது. பில்லைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு புது இழை தொடங்குங்கள். பயாஸ் வெர்ஷனையும் பக்செக் கோடையும் முதல் பதிவிலேயே எழுதிவிடுங்கள், அக்கா எப்படியும் அதைத்தான் கேட்பார்.

இந்த இழை இத்துடன் பூட்டப்படுகிறது.